இறங்கி வந்த ஈ.எஸ்.ஆர்.

ஆய்வகப் பணியாளர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் இன்றைய ஆட்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டினால் இயந்திரமே இருபது எண்களை அச்சடித்துத் தள்ளுகிற காலத்தில் வேலைக்கு வந்தவர்கள்.

"எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஊக்கமா இருக்கணும் மேடம். ரெண்டு பக்கம் போதும்" என்றார் ஒருவர்.

"சோகம் மட்டும் வேண்டாம். எதுத்த பக்கத்துல வாழ்த்துச் செய்தி வருது" என்றார் மற்றவர்.

தலையாட்டி அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. ஊக்கம் இருக்கிறதா என்பதை அவர்களே தேடிக்கொள்ளட்டும்.

மதுரையில் ஓராண்டு ஆய்வகப் படிப்புப் படித்தேன். அப்போதெல்லாம் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை வாயால் உறிஞ்சித்தான் அளந்து எடுக்க வேண்டும். எதுவரை உறிஞ்ச வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லித்தந்தார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ரத்தமே சொல்லித்தந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கட்டடத்தில் இப்போது துணி விற்கிறார்கள்.

மாடிப்படிக்கு அடியில் எனக்கு ஓர் அறை. நிமிர்ந்து நிற்க முடிகிற இடத்தில் நானும், குனிய வேண்டிய இடத்தில் மருந்துப் பாட்டில்களும் இருந்தோம். நுண்ணோக்கியில் விளக்குக் கிடையாது. அடியில் ஒரு கண்ணாடி இருக்கும். சன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கித்தான் பார்க்க வேண்டும். கிழக்குச் சன்னல் என்பதால் ஊரில் உள்ள வியாதிகளையெல்லாம் காலை பதினொரு மணிக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். மேகம் போட்டால் எல்லாரும் சுகம்.

ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது. சின்ன டாக்டர் என்று யாரும் கிடையாது, இருந்தாலும் அவர் பெரிய டாக்டர்தான். காய்ச்சலுக்கு அவரிடம் மூன்று வியாதிகள் இருந்தன. முதல் வாரம் டைபாய்டு, இரண்டாம் வாரம் மலேரியா, மூன்றாம் வாரம் டி.பி. இந்த வரிசையை அவர் மாற்றியதே இல்லை. பெரும்பாலானவர்கள் முதல் வாரத்திலேயே தானாகச் சுகமாகிவிடுவார்கள் என்பதால் ஊரில் டைபாய்டுக்கு அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர்.

ரிப்போர்ட்டை அவர் வாங்குகிற விதமே தனி. கையை முழுக்க நீட்டித் தூரத்தில் பிடிப்பார். மேலிருந்து படிக்க மாட்டார். கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். கடைசி வரியில் ஈ.எஸ்.ஆர். இருக்கும். அதோடு படிப்பு முடிந்தது. பிறகு நோயாளியின் வீட்டாரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எம்பதுல இருந்தது முப்பதுக்கு வந்துட்டு" என்பார். அந்த எம்பதும் முப்பதும் என்ன என்று யாரும் கேட்டதில்லை. இறங்கினால் நல்லது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உறையாமல் இருக்க மருந்து கலந்த ரத்தத்தை நீளமான மெல்லிய குழாயில் செங்குத்தாக நிறுத்தினால், சிவப்பணுக்கள் மெதுவாகக் கீழே படியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் படிந்தது என்று பார்த்தால் அதுதான் ஈ.எஸ்.ஆர். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் கூடும், அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேகமாக இறங்கும், எண் ஏறும். எங்கே, எதனால் என்று அது சொல்லாது. ஆனால் எங்கள் ஊரில் அதுதான் எல்லாவற்றையும் சொன்னது. மில்லில் ஷிப்டு மாறும்போது, "ஒனக்கு எம்புட்டு?" "எழுவது." "எங்க மச்சானுக்கு நூத்திப்பத்துலா!" என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். தளவாய்புரத்திலிருந்து ஒருவர் மாப்பிள்ளையின் ஈ.எஸ்.ஆர். தெரிந்தால்தான் நிச்சயம் செய்வேன் என்று வந்து நின்றார்.

ஒரு வருடம் கோடையில் ஊரில் பாதிப் பேருக்கு ஈ.எஸ்.ஆர். ஏறிக் கிடந்தது. டாக்டர் ஓய்வில்லாமல் ஊசி போட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: குழாய்களை நிறுத்தும் மர ஸ்டாண்டின் ஒரு கால் செல்லரித்து, ஸ்டாண்டு லேசாகச் சாய்ந்திருந்தது. குழாய் சாய்ந்தால் அணுக்கள் வேகமாக இறங்கும். காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தேன். மறுநாளே ஊர் குணமானது. டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "ஊசியும் வேலை செஞ்சிருக்கும்" என்றார்.

இந்த நிலையில்தான் முத்துராஜ் வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வன்னியம்பட்டிக்காரர், ராணுவத்தில் ஹவில்தார். இரண்டு மாத லீவில் வந்தவருக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். முப்பத்தைந்து வயது, நல்ல கட்டான உடம்பு. கட்டிலில் படுத்திருக்கும்போதும் விறைப்பாகவே இருப்பார். கூட அவர் மனைவி பேச்சியம்மாள்.

முதல்நாள் ஈ.எஸ்.ஆர். எண்பத்தெட்டு. டைபாய்டு மருந்து தொடங்கியது. நான்காம் நாள் நாற்பத்தாறு. டாக்டர் வார்டில் இருந்த மற்ற நோயாளிகளுக்கும் கேட்கும்படி அதை வாசித்தார். ஏழாம் நாள் பதினைந்து.

காய்ச்சல் மட்டும் நூற்று நான்கில் நின்றது.

"அது மருந்துக் காச்சல். ரத்தம் சுத்தமாயிருச்சு" என்றார் டாக்டர்.

என் அறையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த தட்டணுக்கள் எண்பதாயிரத்துக்கு வந்து, பிறகு ஐம்பதாயிரமாயின. வெள்ளையணுக்கள் பாதிக்குக் கீழே போயின. ஹீமோகுளோபினும் நாளுக்கு நாள் குறைந்தது. எங்கும் ரத்தம் கொட்டவில்லை, ஆனால் மூன்று வகை அணுக்களும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. இன்னொன்றும் உண்டு. சோதனைக் குழாயில் அவர் ரத்தம் சரியாக உறையவில்லை. கட்டி தளர்ந்து, குழாயை ஆட்டினால் கலைந்தது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. நெய்யும் கறியும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அப்படி இருக்கும். இவர் நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீர் குடிக்கிறார்.

டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், தட்டணு ரொம்பக் கொறையுது."

"எண்ணுனதுல தப்பு வந்திருக்கும். திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினேன். இன்னும் குறைந்திருந்தது.

"மருந்து பழசாயிருக்கும். புதுசாக் கலக்கு."

புதிதாகக் கலந்து எண்ணினேன். அதே எண்.

"அப்ப கண்ணாடிய மாத்து" என்றார். என் மூக்குக் கண்ணாடியைச் சொன்னார்.

கீழே வந்து என் கையிலேயே ஊசியைக் குத்தி என் ரத்தத்தை எடுத்தேன். அதே மருந்து, அதே குழாய், அதே கண்ணாடி. எனக்குத் தட்டணு இரண்டரை லட்சம். ரத்தம் நன்றாக உறைந்தது. நீர் தெளிவாக நின்றது. ஈ.எஸ்.ஆர். இருபத்திரண்டு. ஆக, என் கையிலும் மருந்திலும் கோளாறு இல்லை. இரண்டு தாளையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். டாக்டர் என் தாளைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்தார். கண் கடைசி வரிக்குப் போனது.

"ஒனக்கு இருவத்திரெண்டா? ஒரு கோர்ஸ் மாத்திரை எடுத்துக்க" என்றார்.

ஒன்பதாம் நாள் முத்துராஜின் ஈ.எஸ்.ஆர். நான்கு. ஆஸ்பத்திரி வரலாற்றில் அவ்வளவு இறங்கி யாரும் பார்த்ததில்லை. மறுநாள் டிஸ்சார்ஜ் என்று டாக்டர் அறிவித்தார்.

அன்று பேச்சியம்மாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஈயெஸ்ஸார் இறங்கிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாக. பொறவு எதுக்கு அவிய கண்ணு மஞ்சளா இருக்கு? வயித்துல இடது பக்கம் கைய வச்சா கல்லு கணக்கா இருக்கு. ஈறுல ரத்தம் கசியுது."

"டாக்டர்ட்ட கேளுங்கம்மா" என்றேன். லேப் ஆட்கள் நோயாளியிடம் பேசக் கூடாது என்பது விதி. அந்த வாக்கியத்தைத்தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிவந்தேன்.

"கேட்டேன். சிரிக்காக" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் போனபின் ஒரு பெரிய தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். ஒன்பது நாள் எண்களையும் வரிசையாக எழுதினேன். கருத்து என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ஈ.எஸ்.ஆரை மேலே தூக்கிப் போட்டுவிட்டு, தட்டணுக்களைக் கடைசி வரிக்குக் கொண்டுவந்தேன். அன்றைய எண் முப்பத்தோராயிரம்.

டாக்டர் கையை நீட்டிப் பிடித்தார். கண் கடைசி வரிக்குப் போனது. போன கண் திரும்பவில்லை. பிறகு தாளை மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தார். முதல்முறையாகக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"ஏம்மா, முன்னமே ஏன் சொல்லல?"

"மூணு நாளாச் சொல்லுதேன் டாக்டர்."

"சொன்ன. காட்டலயே" என்றார். எழுந்து வார்டுக்குப் போய் முத்துராஜின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது நாளில் அவர் அந்த வயிற்றைத் தொட்டது அன்றுதான். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டிரைவரைக் கூப்பிட்டுத் தம் சொந்தக் காரை எடுக்கச் சொன்னார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். "சிலைடையெல்லாம் எடுத்துக்கிட்டு நீயும் போ. அங்க கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது" என்றார். அவரை நான் குறை சொல்லி எழுதுவதால் இதையும் எழுத வேண்டும்: அன்று அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

மதுரையில் ரத்த நோய்களைப் பார்த்த டாக்டரம்மா குள்ளமான, மெலிந்த பெண்மணி. நான் கொண்டுபோன தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "யார் இதப் போட்டது?" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பக்கத்துல உக்காருங்க" என்றார்.

முத்துராஜின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி கிடந்தார். டாக்டரம்மா மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார்.

பெரிய, வெளிறிய உயிரணு ஒன்று. அதன் வயிற்றுக்குள் முழுதாக நான்கைந்து சிவப்பணுக்கள். பக்கத்தில் தட்டணுக்கள். ஒரு வெள்ளையணுவின் உட்கருகூட பாதி கரைந்து கிடந்தது. பத்து நாளாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தவை எல்லாம் அங்கே இருந்தன.

முத்துராஜிடமும் பேச்சியம்மாளிடமும் டாக்டரம்மாவே பேசினார். உடம்பில் கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல ஒரு படை உண்டு, வேலை முடிந்ததும் அந்தப் படை அடங்கிவிட வேண்டும், சிலருக்கு அடங்குவதில்லை. அழிக்கும் அணுக்கள் ஓயாமல் உசுப்பிவிட, விழுங்கும் அணுக்கள் வெறிகொண்டு சொந்த ரத்தத்தையே தின்னத் தொடங்கிவிடுகின்றன என்றார்.

முத்துராஜ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "சண்டை முடிஞ்சும், நிறுத்துங்கன்னு ஆர்டர் வந்து சேரல. எங்க ஆளுகளே எங்கள சுட்டுக்கிட்டு இருக்காங்க. அப்படித்தான மேடம்?"

"அப்படியேதான்."

"அப்ப ஈயெஸ்ஸார் இறங்குனது?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"அணுக்கள ஒட்ட வச்சு வேகமா இறக்கற புரதம் ஒண்ணு உண்டும்மா. ரத்தம் உறையவும் அதுதான் வேணும். இந்த நோய் அதையே தீத்துருது. அதனாலதான் எண் இறங்குச்சு. நோய் கொறஞ்சு இறங்கல."

பேச்சியம்மாள் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "பொழைப்பாகளா?"

"மருந்து கொடுக்காம விட்டா சில வாரந்தான். கொடுத்தா பிழைக்கலாம். கொடுத்தும் போயிரலாம். எந்தக் கிருமி இத ஆரம்பிச்சு வச்சதுன்னு தெரியணும், படையையும் அடக்கணும். மொத ரெண்டு வாரம் பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

பேச்சியம்மாள் நெடுநாள் தூங்காதவள் தூங்கி எழுந்ததுபோல் மூச்சு விட்டாள். "இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குத மாதிரி ஒருத்தர் பேசுதாக. கொடுங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்றாள்.

படையை அடக்க ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். மஜ்ஜையில் டி.பி.க்கு வருகிற மாதிரி சின்ன முடிச்சுகள் தெரிந்ததால், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திராமல் டி.பி. மருந்தையும் தொடங்கினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. தட்டணுக்கள் மெல்ல ஏறின. ஈ.எஸ்.ஆரும் நான்கிலிருந்து முப்பதாகி, அறுபதானது. உடம்பில் அந்தப் புரதம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். டாக்டரம்மா மகிழ்ந்தார். வன்னியம்பட்டியிலிருந்து பார்க்கப் போன சொந்தக்காரர்கள் அறுபது என்று கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். பேச்சியம்மாள்தான் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லித் தேற்றி அனுப்பினாளாம்.

ஆறு வாரம் கழித்துக் கல்ச்சர் முடிவு வந்தது. டி.பி. கிருமிதான். பெரிய டாக்டர் அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கே இறங்கி வந்தார்.

"பாத்தியா? டி.பி. என் வரிசைல மூணாவதா இருந்ததுதான். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நானே பிடிச்சிருப்பேன்."

ஒரு வாரம் விட்டிருந்தால் எதைப் பிடித்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் அவர் இந்த நோயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். திரையில் சிலைடு மாற்றுகிற வேலை எனக்கு. "எங்கள் மருத்துவமனையில் தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தது" என்றார். ஐயம் எழுந்தது உண்மைதான். அது மாடிப்படிக்கு அடியில் எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு வடை கொடுத்தார்கள். முத்துராஜ் மருந்தை முடித்து, உடம்பு தேறி, ரெஜிமென்டுக்குத் திரும்பினார். பேச்சியம்மாள் எப்போதாவது பஸ் மாறும்போது எட்டிப் பார்த்து, "நல்லா இருக்காக" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பேச்சில் எத்தனை புளுகினாலும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு டாக்டர் உண்மையாகவே மாறினார். காய்ச்சல்காரர்கள் எல்லாரின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். எனக்கு விளக்கு வைத்த புது நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார். ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தார்; புரியாத வரி வந்தால் கேட்க என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மூன்று வருடம் கழிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழகர் என்ற விசைத்தறித் தொழிலாளி தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். இருபத்துமூன்று வயது, ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பெயர் செல்வி. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாள்தான். ரத்தம் எடுக்கும்போது, "சனிக்கிழமக்குள்ள விட்டுருங்க மேடம். பிள்ளைகளுக்கு ஆண்டு விழா டான்ஸ் இன்னும் பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்றாள்.

மூன்று அணுக்களும் குறைந்திருந்தன. ஈ.எஸ்.ஆர். ஆறு. மேலே நிற்கும் நீர் வெளுத்திருந்தது. நான் மாடி ஏறுவதற்குள் டாக்டரே கீழே வந்துவிட்டார். "இடது பக்கம் மண்ணீரல் தட்டுப்படுது" என்றார். என் தாளைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் செல்வி மதுரைக்குப் போகும் காரில் இருந்தாள். அதே டாக்டரம்மா, அதே மருந்துகள், அன்று மாலையே தொடங்கினார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்தார்கள். எந்த இடத்திலும் யாரும் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை.

ஒன்பதாம் நாள் செல்வி இறந்துபோனாள். ஏதோ வைரஸாக இருக்கலாம் என்றார்கள். எது என்று கடைசிவரை தெரியவில்லை.

போன் வந்தபோது டாக்டர் என் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எதம்மா விட்டோம்?"

"எதையும் விடல டாக்டர்."

"அந்த ஹவில்தார லேட்டாத்தான அனுப்புனோம்?"

"ஆமா."

"பொழச்சிட்டான்லா" என்றார். எழுந்தபோது சாய்ந்த கூரையில் தலை இடித்ததுகூடத் தெரியாமல் படியேறிப் போனார்.

பதினைந்து நாள் கழித்து, காலையில் கூட்டம் நெருக்கும் வேளையில் அழகர் வந்தார். மழிக்காத முகம். கையில் மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"தாயி, புள்ளைக்கு இங்கதான ரத்தம் எடுத்திய. அது இன்னும் இருக்கா?"

"சிலைடு இருக்குங்கய்யா."

"செத்த நேரம் பாக்கலாமா? அங்கன எல்லாரும் பாத்தாக. நான் பாக்கல."

அப்படி யாரும் கேட்டதில்லை. அதற்கு விதி உண்டா என்றும் தெரியவில்லை. அந்த நேரம் டாக்டர் ஏதோ கேட்க இறங்கி வந்தவர், வாசலில் நின்று இதைக் கேட்டார். "காட்டும்மா" என்றார்.

பெட்டியிலிருந்து செல்வியின் சிலைடை எடுத்துத் துடைத்து, விளக்கைப் போட்டு, கூர்மை சரிசெய்து கொடுத்தேன். அழகர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குனிந்தார். முதலில் தம் இமைதான் தெரிந்திருக்கும், பிறகு பிடித்துக்கொண்டார். வெளிர் சிவப்பாக அவள் சிவப்பணுக்கள், இடையிடையே ஊதா நிறத்தில் இருந்த கொஞ்சம் வெள்ளையணுக்கள்.

"இதுல எது தாயி அவளத் தின்னது?"

"அது இதுல இல்லய்யா. இதுல இருக்கது எல்லாம் செல்விதான்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"நல்ல நெறமா இருக்கா" என்றார்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் டாக்டர் எங்கே என்று சத்தம் போடத் தொடங்கினார்கள். டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.